பற்றரியா, ஒல்ரனேற்றரா, வயரிங்கா? காரில் கரண்ட் ஓடுகிற வழி

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நிலாவெளி வீதியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. 2009ஆம் ஆண்டு ஜப்பான் பெற்றோல் கார், முற்றத்தில் வெளியில்தான் நிற்கிறது. இரண்டு வருடத்துக்குள் இரண்டு பற்றரி மாற்றியாகிவிட்டது. ஆனாலும் சில காலையில் திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும், இஞ்சின் சுற்றாது. இரண்டு மூன்று தடவை திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலப் பற்றிக்கொள்ளும். இரவில் ஹெட்லைற் மங்கல், ஏசி போட்டால் இன்னும் மங்கல். ஒரு பாஸ் (மெக்கானிக்) மறுபடி பற்றரி என்கிறார், இன்னொருவர் ஒல்ரனேற்றர் (இஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிற கருவி) என்கிறார், மூன்றாமவர் வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். ‘காரில் கரண்ட் எப்படி ஓடுகிறது என்று அடிப்படையிலிருந்து சொல்லுங்கள், பற்றரியைத் தொட்டால் கரண்ட் அடிக்குமா என்றும் சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது, மூன்று பேரில் யார் சொல்வது சரி என்று காசு கொடுப்பதற்கு முன்னால் நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டர் வாகனம் படித்துவிட்டு, பல வருடமாகத் திருகோணமலையிலேயே வாகன வயரிங் வேலை செய்கிறவன். கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிற கார், வான், ஓட்டோ எல்லாம் பார்க்கிறேன். உங்கள் காரைத் தொட்டுப் பார்க்காமல் ‘பழுது இதுதான்’ என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற அறிகுறிகள் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன, மூன்று பாஸ்மாரும் அந்தப் பக்கம் பார்த்ததாகத் தெரியவில்லை. அது எர்த். ஏன் என்று சொல்வதற்குத்தான் அடிப்படை தேவைப்படுகிறது.

கரண்ட் ஓட வேண்டுமென்றால் வட்டம் முழுமையாக இருக்க வேண்டும். பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து புறப்பட்டு, பியூஸ், சுவிட்ச், வயர் என்று கடந்து, லைற்றுக்கோ மோட்டருக்கோ போய் வேலை செய்து, மைனஸ் முனைக்குத் திரும்பி வர வேண்டும். பத்திரகாளி அம்மன் கோயில் தேர் வீதி சுற்றி இருப்புக்கு வருகிற மாதிரிதான். எந்த வீதியில் தடை இருந்தாலும் தேர் நின்றுவிடும், கடைசி வீதி என்பதற்காக விட்டுக்கொடுக்காது. வீட்டு வயரிங்கில் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டு வயர் பார்த்திருப்பீர்கள். காரில் திரும்பி வருகிற வயருக்குப் பதிலாகக் காரின் இரும்பு உடலையே பாவிக்கிறார்கள். அதைக் கராஜில் பொடி என்போம். செப்பும் மிச்சம், பாரமும் மிச்சம். பற்றரியின் மைனஸ் முனையிலிருந்து தடித்த கறுப்புக் கேபிள் ஒன்று இஞ்சினுக்கோ கியர்பொக்ஸுக்கோ போகும், மெல்லியது ஒன்று பொடிக்குப் போகும். இஞ்சின் றப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் இஞ்சினும் பொடியும் தானாகத் தொட்டுக்கொள்வதில்லை. அதற்காக இரண்டுக்கும் நடுவே பின்னல் கம்பியாலோ வயராலோ ஒரு ஸ்ட்ராப் போட்டிருப்பார்கள். இந்த மூன்று இணைப்பும்தான் காரின் எர்த். திரும்பி வருகிற வழி முழுவதும் இந்த ஒரு சில போல்ட்டில் தொங்குகிறது. (இங்கே இன்னும் ஓடுகிற பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களில் சிலவற்றில் பிளஸ்தான் பொடிக்குப் போகும். அப்படியான கார் வைத்திருப்பவர்கள் புது ரேடியோ பூட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

இனி அளவுகள். பன்னிரண்டு வோல்ற் பற்றரி என்பது பேச்சுக்குச் சொல்வது. உள்ளே ஆறு செல் வரிசையாக இணைந்திருக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ற். முழுக்கச் சார்ஜ் ஏறி ஓய்ந்து கிடக்கிற நல்ல பற்றரி 12.6 காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். அரை வோல்ற் குறைந்தால் என்ன என்று நினைக்கக்கூடாது, பற்றரியில் அரை வோல்ற் பெரிய தூரம். வோல்ற் என்பது தள்ளுகிற அழுத்தம், அம்பியர் என்பது உண்மையில் ஓடுகிற கரண்டின் அளவு, ஓம் என்பது வழியில் இருக்கிற தடை. ஓடுகிற அம்பியரை வழியிலுள்ள ஓமால் பெருக்கினால், அந்த வழியில் எத்தனை வோல்ற் வீணாகிறது என்று வரும். ஜேர்மன்காரர் ஜோர்ஜ் ஓம் 1827இல் எழுதிவைத்த கணக்கு இது. கார் கரண்ட் பழுதில் பெரும்பகுதியை இந்த ஒரு பெருக்கலை வைத்தே பிடித்துவிடலாம்.

உங்கள் காரை வைத்தே போட்டுப் பார்ப்போம். சின்னப் பெற்றோல் இஞ்சின் ஒன்றைச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டர் 150 அம்பியர் அளவில் இழுக்கும் என்று வையுங்கள். எர்த் போல்ட்டின் அடியில் துரு ஏறி, ஒரு ஓமின் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம் தடை வந்திருக்கிறது. 150ஐ 0.01ஆல் பெருக்கினால் ஒன்றரை வோல்ற். ஸ்டார்ட்டர் சுற்றும்போது நல்ல பற்றரியே பத்தரை வோல்ற் அளவுக்கு இறங்கும், அதில் ஒன்றரை வழியிலேயே போய்விட்டால் ஸ்டார்ட்டருக்கு எஞ்சுவது ஒன்பதுதான். அது முக்கும், சுற்றாது. வீணாகிற ஒன்றரை வோல்ற் எங்கே போகிறது? அந்த போல்ட்டிலேயே 225 வாற் வெப்பமாகக் கொட்டுகிறது. முக்கி முக்கி ஸ்டார்ட் எடுத்த பிறகு ஒரு கேபிளின் நுனி மட்டும் கையில் சுட்டால், பழுது அங்கே இருக்கிறது என்று அதுவே சொல்கிறது.

அதே 0.01 ஓம் வழியாக இரண்டு ஹெட்லைற்றின் கரண்ட் போகட்டும். அது பத்து அம்பியருக்குள்தான். பெருக்கினால் 0.1 வோல்ற், கண்ணுக்கே தெரியாது. ‘ஹோர்ன் அடிக்கிறது, லைற் எரிகிறது, அப்படியென்றால் கரண்ட் இருக்கிறது, ஸ்டார்ட்டர்தான் போய்விட்டது’ என்று பல பேர் முடிவெடுப்பது இதனால்தான் பிழையாகிப் போகிறது. சின்னக் கரண்ட் தாண்டிப் போகிற இடத்தில் பெரிய கரண்ட் சிக்கிக்கொள்ளும்.

நீங்கள் சொன்னதில் என் கண்ணில் முதலில் பட்டது, இரண்டு மூன்று தடவை திருப்பிய பிறகு கார் பற்றிக்கொள்கிறது என்பது. பற்றரி இறங்கியிருந்தால் ஒவ்வொரு முயற்சிக்கும் இன்னும் இறங்கும். முதல் தடவை சுற்றாத இஞ்சின் மூன்றாம் தடவை சட்டென்று சுற்றாது. முயல முயலச் சரிவருகிறது என்றால், எங்கோ ஒரு இணைப்பு கரண்ட் பாய்ந்த சூட்டில் பிடித்துக்கொள்கிறது என்று அர்த்தம். அந்த இணைப்பு எர்த்தாகவும் இருக்கலாம், பற்றரி முனையாகவும் இருக்கலாம், ஸ்டார்ட்டருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற காந்த சுவிட்ச்சான சொலினோயிட்டுக்குள் இருக்கிற செப்புக் காலாகவும் இருக்கலாம். சத்தமும் ஒரு துப்புத்தான். பற்றரி இறங்கினால் பெரும்பாலும் ‘டிக்டிக்டிக்டிக்’ என்று விடாமல் அடிக்கும். நீங்கள் சொல்வது ஒற்றை ‘டிக்’. எர்த் பழுதிலும் சில வேளை விடாமல் அடிப்பதுண்டு, அதனால் சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

திருகோணமலையில் எர்த்தை முதலில் சந்தேகப்பட எனக்குக் காரணம் இருக்கிறது. வாடைக் காலத்தில் காற்று கடலிலிருந்து நேரே வீட்டு முற்றத்துக்கு வருகிறது, உப்பையும் சேர்த்துக்கொண்டு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். செப்பு வயரின் நுனி இரும்புப் பொடியைத் தொடுகிற இடத்தில் அந்த ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து சின்னதொரு பற்றரி போல வேலை செய்யத் தொடங்கும், அதில் இரும்பு வேகமாக அரிபடும். போல்ட்டின் தலை வெளியில் பார்க்கச் சுத்தமாகவே இருக்கும். கழற்றினால் அடியில் வயர்க் கண்ணியின் அளவுக்கு வட்டமாகத் துரு ஒரு படலமாகப் படிந்திருக்கும். துரு கரண்டைக் கடத்தாது. வயரின் உறையை நுனியிலிருந்து ஒரு அங்குலம் சீவிப் பார்த்தால் செப்புச் சிவப்பாக இருக்க வேண்டியது பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும், விரலால் தேய்த்தால் நார் நாராக உதிரும். தம்பலகாமத்துப் பக்கம் உள்ளே நிற்கிற காரையும் உப்புவெளியில் கடலோரம் நிற்கிற காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இஞ்சின் ஸ்ட்ராப் கீழே, சக்கரம் தண்ணீர் அடிக்கிற இடத்தில் இருப்பதால் அதுதான் பெரும்பாலும் முதலில் போகிறது.

இஞ்சின் எர்த் அறுந்தால் கரண்ட் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். கியர் கேபிளின் உலோக உறை, பழைய கார்களில் அக்சிலேற்றர் கேபிள், இவை வழியாகப் பாயும். அவை 150 அம்பியருக்காகச் செய்யப்பட்டவையல்ல. காரணமே தெரியாமல் கியர் கேபிள் இறுகியோ உறை கருகியோ வந்தால் நான் முதலில் எர்த் ஸ்ட்ராப்பைத்தான் பார்ப்பேன்.

ஒல்ரனேற்றர் சொன்ன பாஸுக்கு வருவோம். பழைய ஆட்கள் டைனமோ என்று சொல்வதும் இதைத்தான். இஞ்சின் பெல்ற்றால் சுற்றி, உள்ளே ஆடலோட்டமாக (திசை மாறி மாறி ஓடுகிறதாக) கரண்ட் உண்டாக்கி, டயோட்டுகளால் அதை நேரோட்டமாக்கி (ஒரே திசையில் ஓடவைத்து), ரெகுலேற்றரால் 14 வோல்ற்றை ஒட்டிப் பிடித்துவைக்கும். இஞ்சின் ஓடும்போது காருக்குத் தேவையான கரண்ட் முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது. பற்றரியின் முதல் வேலை ஸ்டார்ட் எடுத்துக்கொடுப்பது. இங்கே ஒரு சங்கதி இருக்கிறது. ஒல்ரனேற்றரின் மைனஸ் என்பது அதன் உடல், அந்த உடல் இஞ்சினில் பூட்டியிருக்கிறது. ஆகவே அது அனுப்புகிற கரண்டும் திரும்பி வர அதே இஞ்சின் எர்த்தைத்தான் நம்பியிருக்கிறது. ஏசி, மின்விசிறி, ஹெட்லைற் எல்லாம் சேர்ந்து 40 அம்பியர் போகிறது, எர்த்தில் 0.02 ஓம் தடை இருக்கிறது என்றால் 0.8 வோல்ற் அங்கேயே போய்விடும். ஒல்ரனேற்றர் தன் மட்டில் 14.2 கொடுக்கிறது, பற்றரியும் லைற்றும் காண்பது 13.4தான். பல ஜப்பான் கார்களில் ரெகுலேற்றருக்குப் பற்றரி அளவை அறிவிக்கத் தனி வயர் உண்டு, ஆனால் அது பிளஸ் பக்கத்து இழப்பை மட்டும் ஈடுசெய்யும். எர்த் பக்கத்து இழப்பு அதற்குத் தெரியவே தெரியாது.

அரைகுறைச் சார்ஜிலேயே நாளும் கிடக்கிற பற்றரிக்கு என்ன ஆகும்? ஈயத் தகட்டில் ஈய சல்பேற்று படிந்து, இறுகி, பிறகு திரும்பக் கரையாமல் போகும். அதனால் கொள்ளளவு குறையும். உங்கள் இரண்டு பற்றரியும் ஒரு வருடம்கூட ஒழுங்காக ஓடாததற்கு இது காரணமாக இருக்க நல்ல இடமிருக்கிறது. அதாவது ‘பற்றரி போய்விட்டது’ என்ற பாஸ் பொய் சொல்லவில்லை. அது ஏன் போனது என்று பார்க்காமல் புதியதைப் போட்டதால், புதியதும் அதே வழியில் போயிருக்கும். இதோடு கச்சான் (தென்மேற்கு வெப்பக்காற்று) காலத்துச் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் பொனற்றுக்குள் பற்றரி வெந்துபோகும். சூடு கூடக் கூட உள்ளே அரிப்பு வேகமாகும், தண்ணீர் குறையும். மூடி திறக்கிற பற்றரி என்றால் அந்த மாதங்களில் அடிக்கடி பார்த்து, தகடு மூழ்கும்வரை காய்ச்சி வடித்த தண்ணீர் விடுங்கள். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது, அதிலுள்ள உப்பு தகட்டைத் தின்னும். அசிட்டும் ஊற்றக்கூடாது, குறைவது தண்ணீர்தான், அசிட் உள்ளேயே இருக்கிறது.

சரி, அளந்து பார்க்கிறது எப்படி? சின்ன டிஜிற்றல் மல்ரிமீற்றர் ஒன்று போதும், புதுப் பற்றரியின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. நேரோட்டம் (DC) 20 வோல்ற் என்ற இடத்தில் அதன் சுவிட்ச்சைத் திருப்பி வையுங்கள். இரவு முழுவதும் நின்ற காரில், திறப்புப் போடுவதற்கு முன், பற்றரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள், 12.4க்கு மேல் இருந்தால் நல்லது. பிறகு வீட்டில் யாரையாவது உள்ளே இருத்தி, கியரை நியூற்றலில் அல்லது பார்க்கில் போட்டு, ஹாண்ட்பிரேக் இழுத்து, ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சுற்றுகிற அந்த வினாடிகளில் மீற்றர் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பாருங்கள். பத்துக்கு மேல் நின்றால் பற்றரி தாங்குகிறது. ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம் அல்லது சார்ஜ் இல்லை. இந்த ஒரு அளவையே யாரும் உங்களுக்குக் காட்டவில்லை என்றால் அவர்கள் சொன்னது ஊகம்தான்.

அடுத்ததுதான் முக்கியமானது. மீற்றரின் கறுப்பு முள்ளைப் பற்றரியின் மைனஸ் ஈய முனையின் நடுவில் வையுங்கள், அதைக் கவ்வியிருக்கிற கிளாம்பில் வைக்க வேண்டாம். சிவப்பு முள்ளை இஞ்சினில் பெயின்ற் இல்லாத வெறும் உலோகத்தில் அழுத்திப் பிடியுங்கள். பெற்றோல் பம்ப் பியூஸைக் கழற்றிவைத்தால் இஞ்சின் பற்றாமல் சுற்றிக்கொண்டிருக்கும், அளக்க வசதி. ஆனால் ஐந்து வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்ற வேண்டாம். சுற்றும்போது மீற்றர் 0.2 வோல்ற்றுக்குள் காட்டினால் எர்த் நல்லது. 0.5ஐத் தாண்டினால் பழுது எர்த்தில்தான், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பிறகு சிவப்பு முள்ளை ஒவ்வொரு இடமாகப் பற்றரிப் பக்கம் நகர்த்துங்கள்: கேபிள் இஞ்சினில் பூட்டிய போல்ட், கேபிளின் கண்ணி, மற்றப் பக்கத்துக் கிளாம்ப். எந்த இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையில் அளவு சட்டென்று விழுகிறதோ, பழுது அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பொடிக்கும் இதே மாதிரி: கறுப்பு முள் அங்கேயே இருக்க, சிவப்பைப் பொடியின் வெறும் உலோகத்தில் வைத்து, ஹெட்லைற், ஏசி எல்லாம் போட்டு இஞ்சின் ஓடும்போது பாருங்கள். பிளஸ் பக்கத்துக்கு, பற்றரி பிளஸ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே அளக்கலாம், அரை வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். கேபிளைக் கழற்றி மீற்றரை ஓமில் வைத்து, ‘பூச்சியம் காட்டுகிறது, கேபிள் நல்லது’ என்று சொல்வார்கள். அதை ஏற்க வேண்டாம். மீற்றர் ஓம் பார்க்க அனுப்புவது மில்லி அம்பியர் கணக்கில் ஒரு துளிக் கரண்ட். நூறு இழையில் ஒரு இழை மட்டும் மிஞ்சிய கேபிளும் அதற்கு நல்ல கேபிளாகவே தெரியும். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வரும்.

ஒல்ரனேற்றருக்கு: இஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தி, 1500 சுற்று அளவில் ஓட விட்டு, ஹெட்லைற்றும் ஏசியும் போட்டு, பற்றரி முனையில் பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் சரி. குறைந்தால், உடனே ஒல்ரனேற்றரைக் கழற்றாமல், அதன் பின்னாலுள்ள பெரிய போல்ட்டுக்கும் அதன் உடலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அங்கே 14க்கு மேல், பற்றரியில் 13 என்றால் ஒல்ரனேற்றர் நல்லது, வழிதான் பிழை. லைற் போடாமல் அளக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், ஹொண்டா போன்ற சில கார்களில் லோட் குறைந்தால் கம்பியூட்டரே வேண்டுமென்று சார்ஜைக் குறைத்துவிடும், 12.5 அளவில்கூட நிற்கும். அதைப் பார்த்து நல்ல ஒல்ரனேற்றரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

இந்த அளவுகளில் நான் உறுதியாகச் சொல்வதும் சொல்லாததும் எவை என்றால்: எர்த் இழப்பு 0.5க்கு மேல் என்றால் அது பழுது, உறுதி. எர்த்தும் பிளஸ்ஸும் நல்லது, ஸ்டார்ட்டரின் போல்ட்டில் பத்து வோல்ற் வருகிறது, ஆனாலும் ஒற்றை ‘டிக்’தான் என்றால் ஸ்டார்ட்டருக்குள் சொலினோயிட் கால் அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். பற்றரிக் கடையில் சின்ன மெசின் ஒன்றைக் கவ்வி ‘ஆரோக்கியம் இத்தனை வீதம்’ என்று துண்டு அடித்துக் கொடுப்பார்களே, அது மதிப்பீடு மட்டும்தான். சார்ஜ் இறங்கிய நல்ல பற்றரியையும் கெட்டது என்று சொல்லலாம், முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பிறகு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். டயோட் பழுதை மலிவு மீற்றரின் ஆடலோட்ட அளவை வைத்துச் சொல்வதிலும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வயரிங் முழுவதையும் மாற்றச் சொன்னது பற்றி: எலி கடித்தோ எரிந்தோ வெள்ளத்தில் மூழ்கியோ இருந்தாலொழிய அதற்குத் தேவை வருவது மிக அபூர்வம். அளவு எடுத்துக் காட்டாமல் அந்த வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். கொம்பனி வயரிங்கை ஒரு தடவை வெட்டினால் பிறகு வருகிற பழுதைத் தேடுவது பெரும்பாடு.

எர்த்தைச் சரிசெய்கிறது அரை நாள் வேலைகூட இல்லை. முதலில் மைனஸ் கிளாம்பைக் கழற்றுங்கள், கடைசியில் அதைப் பூட்டுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பனர் பொடியில் தட்டினால் நேரே ஷோர்ட்தான். எர்த் போல்ட்டுகளைக் கழற்றி, வயர்க் கண்ணியையும் அது உட்காருகிற இடத்தையும் சாண்ட் பேப்பரால் பளபளக்கும் வரை தேய்த்து, இறுகப் பூட்டி, அதற்குப் பிறகு மேலால் கிரீஸோ வசிலினோ பூசுங்கள். பற்றரி முனையில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்தால் அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரை ஊற்றிக் கழுவலாம், மூடித் துளைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. பச்சை ஏறிய கேபிளைச் சுத்தம் பண்ணிப் பிரயோசனம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். அதற்கு வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற தடித்த கம்பி வயரைப் போடாதீர்கள். இஞ்சின் நடுக்கத்துக்கு அது முறிந்துபோகும், மெல்லிய இழைகள் நிறைந்த வாகனக் கேபிள்தான் வேண்டும். உங்கள் இடத்துக்கு நான் இன்னொரு ஸ்ட்ராப்பைக் கூடுதலாகவே இஞ்சினிலிருந்து பொடிக்குப் போடுவேன். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

ஹெட்லைற் மங்கலுக்கு எர்த் ஒரு காரணம், ஆனால் அதற்கென்று தனி எர்த் போல்ட் பெரும்பாலும் முன்பக்கத் தகரத்தில், லைற்றுக்குப் பின்னால் இருக்கும், அதையும் பாருங்கள். சாதாரண ஹலஜன் பல்ப் 10 வீதம் குறைந்த வோல்ற் பெற்றால் வெளிச்சம் ஏறக்குறைய 30 வீதம் குறைந்துவிடும். அதனால்தான் கொஞ்சம் இழப்பும் கண்ணுக்கு இவ்வளவு தெரிகிறது. மங்கல் என்பதற்காகக் கூடிய வாற் பல்ப் போட்டால் கரண்ட் கூடும், வழியில் இழப்பும் கூடும், சுவிட்ச்சும் ஹோல்டரும் உருகும். பியூஸ் பற்றியும் ஒன்று: அது காப்பாற்றுவது வயரைத்தான். 10 அம்பியர் சிவப்புப் பியூஸ் அடிக்கடி எரிகிறது என்று 20 அம்பியர் மஞ்சளைப் போட்டாலோ சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றினாலோ, அடுத்து எரியப்போவது வயர்.

பற்றரி இரவோடிரவாக இறங்குகிறதா என்ற சந்தேகமும் இருந்தால், கார் பூட்டி ஒரு மணித்தியாலம் கழித்து, மைனஸ் கிளாம்புக்கும் முனைக்கும் நடுவே மீற்றரை 10 அம்பியரில் வைத்துப் பாருங்கள். கிளாம்பைக் கழற்றி மீற்றரைப் போட்டவுடன் கம்பியூட்டர் விழித்துக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், மறுபடி அடங்கும்வரை பொறுங்கள். 0.05 அம்பியருக்குள் நின்றால் சாதாரணம். அரை அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 அம்பியர் மணி. 45 அம்பியர் மணி பற்றரியில் கால்வாசி அங்கேயே போய்விடும். பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது இறங்குகிறது என்று பாருங்கள். கார் வாங்கிய பிறகு பூட்டிய ரேடியோ செற், அலாரம், கமரா இவைதான் பெரும்பாலும் பிடிபடும். மீற்றர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் பண்ணிவிடாதீர்கள், அதன் பியூஸ் போய்விடும்.

கரண்ட் அடிக்குமா என்று கேட்டீர்கள். காய்ந்த கையால் பன்னிரண்டு வோல்ற் பற்றரி முனையைத் தொட்டால் அடிக்காது, தோலின் தடையைத் தாண்ட அந்த அழுத்தம் போதாது. ஆனால் மோதிரமோ மணிக்கூட்டுச் சங்கிலியோ பிளஸ்ஸுக்கும் பொடிக்கும் நடுவே பட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் அதில் பாயும், விரலோடு சேர்த்து எரிக்கும். கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். சார்ஜ் ஏறுகிற பற்றரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் நெருப்பு, சிகரெட், பொறி எதுவும் கூடாது. இன்னொரு காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் எடுக்கும்போது கடைசி மைனஸ் நுனியைப் பற்றரியில் வைக்காமல் தூரத்தில் இஞ்சின் உலோகத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பிளக் வயரில் பல்லாயிரம் வோல்ற் ஓடும், இஞ்சின் ஓடும்போது அதில் கை வைக்க வேண்டாம். பெற்றோல் இஞ்சினோடு மின்மோட்டரும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் கார்கள் வேறு சங்கதி. டொயோட்டாவின் முதல் தலைமுறை அக்குவாவில் பெரிய பற்றரி 144 வோல்ற், இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 201.6 வோல்ற். செம்மஞ்சள் நிறக் கேபிள் கண்டால் தொடவே தொடாதீர்கள். அந்த வேலை நானும் செய்வதில்லை, அதற்கென்று படித்தவர்களிடம் அனுப்பிவிடுகிறேன்.

இன்னொன்று. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரிக் கேபிளைக் கழற்றி, ‘நிற்காமல் ஓடுகிறது, ஒல்ரனேற்றர் நல்லது’ என்று பார்க்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கம்பியூட்டர் இல்லாத பழைய கார்களில் அதைச் செய்து தப்பினார்கள். உங்கள் காரில் அப்படிக் கழற்றினால் அந்த நொடியில் ஒல்ரனேற்றரின் வோல்ற் பல மடங்கு ஏறிக் கம்பியூட்டரைக் கொன்றுவிடக்கூடும். யாராவது அப்படிக் கை வைக்கப் போனால் தடுத்துவிடுங்கள்.

எர்த் சரியான பிறகு இப்போதுள்ள பற்றரியை உடனே மாற்ற வேண்டாம். வெளியில் எடுத்து, 4 அல்லது 5 அம்பியரில் பத்து மணித்தியாலம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் சும்மா வைத்து அளந்து பாருங்கள். 12.5க்கு மேல் நின்று, ஸ்டார்ட் பண்ணும்போதும் பத்துக்குக் கீழே போகவில்லை என்றால் அதுவே இன்னும் கொஞ்ச காலம் ஓடும். ஒரு நாளில் 12.2க்கு விழுந்தால் தகடு இறுகிவிட்டது, அப்போதுதான் புதியது வாங்குங்கள்.